நெருப்புப் புகையும் 99 காட்டும் மெஷினும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தீக்காயத்துக்கு முதலுதவி பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காயத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை, புகையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்விதான். கட்டடத்துக்குள் பற்றும் தீயில் உயிரை எடுப்பது பெரும்பாலும் புகை. அவசரப் பிரிவில் வேலை பார்த்த வருஷங்களில் நான் கண்டதும் அதுதான். அதனால் இந்த முறை புகைக் கடிதங்கள் மட்டும். ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன், ஆள் பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்தீர்கள்.

கேள்வி: எங்கள் கொழுந்தனார் சோபா, மெத்தை தைக்கும் கடை வைத்திருக்கிறார். போன மாதம் ராத்திரி மின்கசிவில் கடை பற்றிக்கொண்டது. உள்ளே படுத்திருந்தவர் எப்படியோ ஷட்டரைத் தூக்கிவிட்டு நடந்தே வெளியே வந்துவிட்டார். உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் விரலில் மெஷின் மாட்டி, 99 இருக்கிறது, பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல மதினி, பயப்படாதிய" என்று காப்பி குடித்தவர், மறுநாள் விடியுமுன் தலைவலி, வாந்தி என்று பாத்ரூமில் மயங்கி விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்துத்தான் மீண்டார். 99 காட்டியதே டாக்டர், அப்புறம் எப்படி இப்படி ஆனது?
(வாசகி, வண்ணார்பேட்டை)

அம்மா, அவர் பிழைத்தாரே, அதற்கே நான் சந்தோஷப்படுகிறேன். இதே கதையை வேறு முடிவோடும் கேட்டிருக்கிறேன்.

அந்த மெஷின் கெட்டுப்போகவில்லை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, அதே பல்ஸ் ஆக்சிமீட்டர்தான். கொரோனாவுக்கு அது நல்ல கருவி, தீப்புகைக்கு அது ஆகாது. ஏன் என்று சொல்கிறேன். எது எரிந்தாலும், மரமோ துணியோ ஓலையோ ஸ்பான்ஜோ, காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணைக்கூட உறுத்தாது. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஜங்ஷனில் இருந்து கிளம்பும் டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரலில் ஆக்சிஜன் ஏறும், போகிற வழியெல்லாம் நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கும். இந்தக் கார்பன் மோனாக்சைடு ஏறிவிட்டால் லேசில் இறங்காது, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு சீட்டில் ஒட்டிக்கொள்ளும், கூட வந்த மிச்ச ஆக்சிஜனையும் இறங்க விடாமல் மறிக்கும். விரல் மெஷின் இரண்டு விதமான ஒளியை விரலுக்குள் விட்டு, சீட் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. உட்கார்ந்திருப்பது யார் என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. சீட்டெல்லாம் நிரம்பித்தான் இருந்தது, அதனால் 99 என்றது. மூளைக்கும் இதயத்துக்கும் போய்ச் சேர வேண்டிய ஆக்சிஜன் சேரவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ரத்தம் எடுத்து, கோ-ஆக்சிமீட்டர் என்ற வசதி உள்ள ரத்த வாயுப் பரிசோதனை மெஷினில் போட வேண்டும். புகை பிடிக்காதவருக்குக் கார்பன் மோனாக்சைடு பிடித்த சீட்டின் அளவு 3 சதவீதத்துக்குள் இருக்கும், பீடி சிகரெட் நிறையப் பிடிப்பவருக்கு 10 வரை போகலாம். அதற்கு மேல் போனால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்த எண்ணையும் முழுசாக நம்பிவிடக் கூடாது. சம்பவம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து, வழியில் ஆக்சிஜனும் வைத்து வந்தவருக்கு எண் குறைந்துதான் வரும். ஆரம்பத்தில் எவ்வளவு ஏறியிருந்தது என்பதை அது சொல்லாது. ஆளைப் பார்க்க வேண்டும்: மூடிய இடத்தில் புகைக்குள் இருந்தாரா, மயங்கினாரா, தலை வலிக்கிறதா, பேச்சு குழறுகிறதா, நெஞ்சு அடைக்கிறதா. நெஞ்சு என்று சொல்லும்போது ஒன்று, ஏற்கனவே இதய அடைப்பு இருப்பவருக்குக் கொஞ்சம் புகையே மாரடைப்பைக் கொண்டு வந்துவிடும், அதனால் இசிஜி கட்டாயம் எடுக்க வேண்டும்.

சிகிச்சை எது என்றால், ஆக்சிஜன்தான். அதுவே இந்த விஷத்துக்கு மாற்று மருந்து. வெறும் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடில் பாதி இறங்க நாலு அஞ்சு மணி நேரம் ஆகும். முகத்தோடு ஒட்டிய, பை தொங்கும் மாஸ்க் வழியாக நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் ஆக்சிஜன் கொடுத்தால் அதே பாதி ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடும். மூக்கில் சொருகும் சின்னக் குழாய் இதற்குப் போதாது. 108 ஆம்புலன்ஸிலேயே ஆக்சிஜன் இருக்கிறது, ஏற்றிய நொடியில் இருந்து மாஸ்க்கை வைக்கச் சொல்லுங்கள். மெஷின் 99 காட்டுகிறதே, எதற்கு ஆக்சிஜன் என்று யாராவது கேட்டால், இவர் மூடிய அறையில் தீப்புகைக்குள் இருந்தவர் என்று அழுத்திச் சொல்லுங்கள். எத்தனை முறை கேட்டாலும் சொல்லுங்கள்.

பெரிய நகரங்களில் உயர் அழுத்த ஆக்சிஜன் அறை என்று ஒன்று உண்டு. அதற்குள் படுக்க வைத்தால் இருபது, முப்பது நிமிடத்திலேயே பாதி இறங்கும். மயங்கி விழுந்தவர், கர்ப்பிணி, மூளை இதயம் பாதித்தவர் ஆகியோருக்கு அதை யோசிப்பார்கள். அது எவ்வளவு கூடுதல் பலன் தருகிறது என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அந்த அறையைத் தேடி அலைந்து மாஸ்க் ஆக்சிஜனைத் தாமதப்படுத்துவதுதான் பெரிய தப்பு.

கர்ப்பிணி என்றதும் இன்னொன்று. தாய்க்குத் தலைவலி தீர்ந்து தெளிந்துவிட்டாலும் வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தில் இருந்து இந்த வாயு மெதுவாகத்தான் இறங்கும். தாய் நன்றாக இருக்கிறாள் என்று ஆக்சிஜனைச் சீக்கிரம் எடுத்துவிடக் கூடாது, கூடுதல் நேரம் வைத்தே ஆக வேண்டும்.

கேள்வி: வைக்கோல் படப்பில் பற்றிய தீ தொழுவத்துக்குத் தாவிவிட்டது. கட்டிக்கிடந்த கன்றுக்குட்டியை அவிழ்க்க என் மாமனார் உள்ளே போனார். கன்று பிழைத்தது. அவருக்கு முகம் லேசாகக் கன்றிப்போய், குரல் கட்டியிருந்தது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவரை மயக்கி, தொண்டையில் குழாய் போட்டு மூச்சு மெஷினில் வைத்துவிட்டார்கள். "பேசிக்கிட்டிருந்த மனுசனுக்குக் கொழாயப் போட்டுட்டாவளே" என்று அத்தை இன்னும் அழுகிறார்கள். பில் ஏற்றத்தான் அப்படிச் செய்தார்களா?
(வாசகர், வீரவநல்லூர்)

இல்லை. அந்த ஆஸ்பத்திரி எது என்று எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன், அந்தக் குழாயைப் போட்டவர்கள் உங்கள் மாமனார் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

சூடான புகை உள்ளே போனால் தொண்டை வெந்துபோகும். குரல்வளைக்கு மேலேயே சூடு பெரும்பாலும் தணிந்துவிடுவதால் நுரையீரல் சூட்டில் வேகாது, ஆனால் தொண்டைச் சதை வீங்க ஆரம்பிக்கும். அந்த வீக்கம் உடனே வராது. ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஆள் பேசுவார், தண்ணீர் கேட்பார், மகனைத் திட்டுவார். மணி ஆக ஆக வீக்கம் ஏறும், ஒரு நாள் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போகும். முழுக்க வீங்கிய பிறகு குழாய் போடப் போனால் வழியே தெரியாது, கழுத்தில் துளை போட வேண்டி வரும், அதற்கும் நேரம் கிடைக்காமல் போகலாம். அதனால்தான் வழி திறந்திருக்கும்போதே போட்டுவிடுகிறோம். வீக்கம் வடிந்ததும் எடுத்துவிடுவார்கள்.

ஒருவரை நான் இப்படித்தான் இழந்தேன், பேர் ஊர் வேண்டாம். குரல் கட்டியிருந்தது, மூக்கு முடி பொசுங்கியிருந்தது, எச்சிலில் கரி வந்தது. நன்றாகப் பேசுகிறாரே, ஒரு மணி நேரம் பார்ப்போம் என்று நின்றோம். அந்த ஒரு மணி நேரம் இன்றைக்கும் என் மனதில் நிற்கிறது. குரல் மாறுவது, மூக்கு முடி பொசுங்கியிருப்பது, சளியில் கரி, மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரிச் சத்தம், வாயைச் சுற்றிக் காயம், இதில் எது இருந்தாலும் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது.

அத்தையிடம் சொல்லுங்கள், பேசிக்கொண்டிருந்ததால்தான் குழாய் போட முடிந்தது என்று.

கேள்வி: நான் ஸ்பான்ஜ் மெத்தைக் கடையில் வேலை பார்க்கிறேன். ஸ்பான்ஜ் எரிந்தால் சயனைடு வரும் என்று ஒருத்தர் சொன்னார். சயனைடு என்றால் நகைப்பட்டறையில் இருக்குமே, அதுவா? அது உண்மையானால், சயனைடுக்கு பி12 ஊசி மாற்று மருந்து என்கிறார்களே, அதை வாங்கிக் கடையில் வைத்துக்கொள்ளலாமா?
(வாசகர், பேட்டை)

தம்பி, அவர் சொன்னது உண்மைதான். ஸ்பான்ஜ் என்று நாம் சொல்வது பாலியூரித்தேன் நுரை. அதில் நைட்ரஜன் இருக்கிறது. நைட்ரஜன் உள்ள பொருள் அதிகச் சூட்டில், காற்றுக் குறைவில் எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். நைலான், அக்ரிலிக் கம்பளம் எல்லாம் அப்படித்தான். பிளாஸ்டிக் சமாச்சாரம் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள், பட்டும் கம்பளியும்கூட அப்படியே. டவுன் ரதவீதிகளில் மாடிமேல் மாடியாகப் பட்டுச்சேலை அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். நம் பத்தமடைக் கோரைப்பாயும் இலவம்பஞ்சு மெத்தையும் எரியும், அந்தப் புகையும் கொல்லும், ஆனால் அதில் கார்பன் மோனாக்சைடுதான் பெரும் பங்கு. ஸ்பான்ஜ் புகையில் இரண்டும் சேர்ந்து வருகிறது, வேகமாகவும் வருகிறது.

மேலே ஒரு வாசகிக்கு டவுன் பஸ் கணக்குச் சொன்னேன். சயனைடு பஸ்ஸைத் தொடுவதில்லை. ஆக்சிஜன் ஒழுங்காக ஏறி, ஒழுங்காக வந்து இறங்கும், ஆனால் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டால் என்ன செய்யும்? உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஆக்சிஜனை எரித்துச் சக்தி எடுக்கும் இடம் ஒன்று உண்டு, சயனைடு அதைத்தான் பூட்டுகிறது. ஆக்சிஜன் வாசலில் நிற்க, உள்ளே செல் பட்டினி கிடக்கும். மயக்கம், வலிப்பு, ரத்த அழுத்தம் விழுவது, இதயம் நின்றுபோவது என்று சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

தீ விபத்தில் இது எவ்வளவு பெரிய பங்கு என்று உலகம் உணரக் கொஞ்ச காலம் ஆனது. பாரிஸில் வீட்டுத் தீயில் சிக்கிய 109 பேருக்குச் சம்பவ இடத்திலேயே, சிகிச்சை தொடங்குமுன் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், 1991-ல் அந்த முடிவு வெளிவந்தது. இறந்தவர்கள் ரத்தத்தில் சயனைடு சராசரியாகப் பிழைத்தவர்களைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலில் சாண்டா மரியா என்ற ஊரில் ஒரு நடன விடுதியில், மேடையில் கொளுத்திய வாணம் கூரையில் சத்தத்தைத் தடுக்க ஒட்டியிருந்த நுரையில் பட்டுப் பற்றியது. 242 பேர் செத்தார்கள், ஏறத்தாழ எல்லாருமே இளவயசுப் பிள்ளைகள், ஏறத்தாழ எல்லாமே புகையால். பிழைத்தவர்களுக்குக் கொடுக்க மாற்று மருந்து அந்த நாட்டில் இல்லாமல் அமெரிக்காவில் இருந்து வரவழைத்தார்கள்.

அந்த மருந்துதான் நீங்கள் கேட்டது. ஹைட்ராக்சோகோபாலமின் என்று பேர், பி12 குடும்பம்தான். ரத்தத்தில் போனதும் சயனைடைப் பிடித்துக் கட்டிக்கொண்டு, தானே சாதாரண பி12 ஆகி, சிறுநீரில் வெளியே போய்விடும். பெரியவருக்கு 5 கிராம், கால் மணி நேரத்தில் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். கை கால் மரத்துப்போகிறது என்று போடும் பி12 ஊசி இருக்கிறதே, அது பெரும்பாலும் மீத்தைல்கோபாலமின் என்ற வேறு வகை, அளவும் ஒரு மில்லிகிராம் கணக்கு. ஒரு மில்லிகிராமுக்கும் 5 கிராமுக்கும் ஐயாயிரம் மடங்கு வித்தியாசம். ஆக அந்த ஊசியை வாங்கிக் கடையில் வைத்து ஒரு பயனும் இல்லை.

சரியான மருந்து போட்டால் தோலும் சிறுநீரும் சிவப்பாகிவிடும், சிறுநீர் பல நாள் சிவந்தே போகும், ரத்தம் போகிறது என்று சொந்தக்காரர்கள் பதறக் கூடாது. நிறத்தைப் பார்த்துச் செய்யும் ரத்தப் பரிசோதனைகளையும் இந்தச் சிவப்பு குழப்பும், அதனால் மருந்து ஏற்றுமுன் ரத்தம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

சயனைடு அளவை உடனே காட்டும் பரிசோதனை பொதுவாக எந்த ஆஸ்பத்திரியிலும் கைவசம் இருக்காது. அதனால் ரத்தத்தில் லாக்டேட் பார்ப்போம், செல் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் திணறும்போது ரத்தத்தில் சேரும் பொருள் அது. மூடிய இடத்துப் புகையில் இருந்து வந்தவர், பெரிய தீக்காயம் இல்லை, ஆனால் நினைவு தப்பியிருக்கிறார், ரத்த அழுத்தம் விழுகிறது, லாக்டேட் 10-ஐத் தாண்டுகிறது என்றால் சயனைடுதான் என்று வைத்து மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். ஹைட்ராக்சோகோபாலமின் நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எளிதாகக் கிடைப்பதில்லை, இது எனக்கு ரொம்ப வருத்தம். விலை கூடிய மருந்துதான், இருந்தாலும் மாவட்டத்துக்கு ஓர் இடத்திலாவது இருப்பு இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் சோடியம் தயோசல்பேட் கொடுக்கலாம், பெரியவருக்கு 12.5 கிராம், மெதுவாக வேலை செய்யும் என்றாலும் புகை கேஸில் கொடுக்கத் தக்கது. பழைய சயனைடு மாற்று மருந்துப் பெட்டியில் இருக்கும் நைட்ரைட் மருந்தைப் புகை கேஸில் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. அது ஹீமோகுளோபினில் ஒரு பங்கை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி மாற்றித்தான் சயனைடைப் பிடிக்கிறது, ஏற்கனவே பாதி பஸ்ஸைக் கார்பன் மோனாக்சைடு பிடித்திருக்கும்போது மீதியையும் நாமே நிறுத்தினால் ஆள் தாங்க மாட்டார்.

உங்கள் கடையில் வைத்துக்கொள்ள வேண்டியது வேறு, தம்பி. ராத்திரி உள்ளே யாரும் படுக்கக் கூடாது. ஷட்டருக்கு உள்பக்கம் மெத்தையை அடுக்கி வழியை அடைக்கக் கூடாது. பின்பக்கம் ஒரு கதவு இருந்தால் அதன் சாவி எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் தொங்க வேண்டும். பசை டப்பா, தின்னர் பக்கத்தில் பீடி கூடாது. முதலாளி அண்ணாச்சியிடம் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள்.

கேள்வி: புகை குடித்தவருக்கு வாழைப்பழமும் கருப்பட்டியும் கொடுத்தால் புகை இறங்கிவிடும் என்று எங்கள் ஆச்சி சொல்கிறாள். சரியா?
(வாசகி, கல்லிடைக்குறிச்சி)

புகை போனது நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும், பழம் போவது வயிற்றுக்கு. அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் பழமோ பாலோ தண்ணீரோ ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். வாந்தி எடுத்தால் இன்னும் ஆபத்து. ஒன்றும் கொடுக்க வேண்டாம். காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய், மூச்சு இருக்கிறவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்குப் போன் செய்யுங்கள். மூச்சே இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். ஆச்சியின் கருப்பட்டிக் காப்பியை அவர் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு கொடுக்கலாம்.

கேள்வி: என் மகன் குவைத்தில் இருக்கான். ஒரே அறையில் ஏழு பேர், அடுக்குக் கட்டில். அந்தத் தீ விபத்துக்கு அப்புறம் எனக்கு ராத்திரி உறக்கமே இல்லை. அவனிடம் என்ன சொல்ல?
(ஒரு தாய், மேலப்பாளையம்)

அம்மா, 2024 ஜூன் 12 விடிகாலை மங்காஃபில் நடந்தது எனக்கும் மறக்கவில்லை. செத்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள், அதில் ஏழு பேர் நம் தமிழ்ப் பிள்ளைகள். கீழ்த்தளத்தில் பற்றிய தீயின் புகை மாடிப்படி வழியாக மேலேறி, உறங்கிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்தது. தீயே போகாத மாடியிலும் சாவு விழுந்தது. மாடிப்படி என்பது புகைக்குப் புகைபோக்கி மாதிரி, அதை மகனுக்குச் சொல்லுங்கள்.

இன்றைக்கு ராத்திரி போன் பேசும்போது அவனை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அறையில் இருந்து படிக்கு எத்தனை எட்டு, இரண்டாவது படி எங்கே இருக்கிறது, மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறதா, ஜன்னல் கம்பி திறக்குமா. கண் தெரியாத புகையில் கையால் சுவரைத் தடவிக்கொண்டுதான் போக முடியும், அதனால் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டே நடந்து பழகட்டும். விபத்து என்று தெரிந்தால் லிஃப்டில் ஏறவே கூடாது. திண்டுக்கல்லில் 2024 டிசம்பரில் ஒரு ஆஸ்பத்திரி தீயில் இறந்த ஆறு பேரில் பலர் லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்கள். பாத்ரூமில் தண்ணீர் இருக்கிறதே என்று ஓடி ஒளியவும் கூடாது. மும்பை கமலா மில்ஸில் 2017 டிசம்பரில் இறந்த 14 பேரில் பலர் அப்படிக் கழிப்பறைக்குள் ஒதுங்கியவர்கள்தான்.

படியில் புகை இல்லையென்றால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் இறங்கட்டும், பாஸ்போர்ட்டைத் தேட வேண்டாம். படியில் புகை நிறைந்திருந்தால் அதற்குள் இறங்கக் கூடாது. அறைக்கதவைச் சாத்தி, கதவுக்கு அடியில் ஈரத் துண்டைத் திணித்து, ஜன்னல் பக்கம் வந்து கத்தி, 112-க்குப் போன் செய்ய வேண்டும். மூக்கில் கட்டும் ஈரத் துணி கரித்தூளையும் தண்ணீரில் கரையும் காரமான வாயுக்களையும் கொஞ்சம் தடுக்கும், கார்பன் மோனாக்சைடைத் துளியும் தடுக்காது. ஈரத் துணி கட்டியிருக்கிறேன் என்ற தைரியத்தில் புகைக்குள் போய்விடக் கூடாது. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் தரையோடு தவழ்ந்து போக வேண்டும், சூடான புகை மேலே நிற்கும், கீழே கொஞ்சம் நல்ல காற்று இருக்கும்.

அறையில் ராத்திரி போன், பவர் பேங்க், பேட்டரி சைக்கிள் எதையும் கட்டிலில் வைத்து சார்ஜ் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். லித்தியம் பேட்டரி வெடித்து வரும் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற கொடிய வாயுவும் உண்டு.

கேள்வி: தீ இல்லாத இடத்திலும் இந்த விஷப்புகை வருமா? எங்கள் பக்கத்து ஊரில் கிணற்றில் இன்ஜின் இறக்கித் தண்ணீர் இறைத்தபோது ஒருத்தர் மயங்க, அவரைத் தூக்கப் போன அண்ணன் தம்பி இரண்டு பேரும் விழுந்தார்கள். நாங்கள் இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்போம். அது போதாதா?
(வாசகர், ராதாபுரம்)

போதாது அண்ணாச்சி. விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் குறைவு என்று தெரியும், அது நல்ல பழக்கம்தான். ஆனால் ஆளைக் கொல்லும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு இருக்கும் கிணற்றிலும் விளக்கு நின்று எரியும். மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் எந்த இன்ஜினையும் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. மேலே வைத்து நீளக் குழாய் விடுங்கள், இல்லையென்றால் கரண்ட் மோட்டார் போடுங்கள். கிணறு வெட்டும்போது வெடி வைத்த பிறகும் இதே வாயு கீழே தங்கும், கூடவே நைட்ரஜன் டை ஆக்சைடும் தங்கும். அது ஒரு வஞ்சகமான வாயு, அப்போதைக்குச் சின்ன இருமல், பிறகு பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு ராத்திரியில் மூச்சுத் திணறும். வெடிப்புகை குடித்தவரை ஒரு நாளாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒருவர் விழுந்துவிட்டால் அடுத்தவர் இறங்கக் கூடாது. சொல்வது எளிது, கூடப்பிறந்தவன் கிடக்கும்போது யார் நிற்பார், எனக்கும் தெரியும். அதனால்தான் இறங்குகிறவர் இடுப்பில் முதலிலேயே கயிறு கட்டி, அதன் நுனியை மேலே நாலு பேர் பிடித்திருக்க வேண்டும் என்கிறேன். மயங்கினால் மேலே இருந்தபடியே இழுத்துவிடலாம். கயிறு இல்லையென்றால் 101-க்குப் போன் செய்துவிட்டு நில்லுங்கள், தீயணைப்பு வீரர்கள் முதுகில் காற்று சிலிண்டரோடு வருவார்கள்.

வீட்டிலும் இதே வாயு உண்டு. ஜெனரேட்டரைக் கடைக்குள் வைத்து ஓட்டுவது, குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது எல்லாம் அதே கணக்குதான். 2024-ல் கொடைக்கானலில் கரியடுப்பை அறையில் வைத்துப் படுத்த இருவர் காலையில் எழவே இல்லை. பிள்ளை பெற்றவள் அறையில் கங்கு போட்டுச் சாம்பிராணி புகைப்பவர்கள், புகைத்து முடித்ததும் சட்டியை வெளியே எடுத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கு பற்றி எரியும்போதெல்லாம் எங்கள் வீடு வரை புகை. என் பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது. மாஸ்க் போட்டால் போதுமா?
(வாசகி, ராமையன்பட்டி)

திறந்த வெளியில் தூரத்தில் இருந்து வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு மயக்கும் அளவுக்குச் சேர்வது அரிது. அங்கே வேறு தொல்லை. பிளாஸ்டிக்கும் பிவிசி குழாயும் புகைந்து எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு மாதிரிக் காரமான வாயுக்களும் நுண்ணிய தூளும் வரும், மூச்சுக்குழாய் சுருங்கும். துணி மாஸ்க் பிரயோஜனம் இல்லை, என்95 தூளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது, சின்னப் பிள்ளை முகத்துக்கு அது சரியாகப் பொருந்தவும் செய்யாது. புகை நாளில் ஜன்னலைச் சாத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்து, பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த இன்ஹேலரை நிறுத்தாமல் கொடுங்கள். முடிந்தால் இரண்டு நாள் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பேச முடியாமல் இரைத்தாலோ, விலா எலும்பு உள்வாங்கினாலோ, இன்ஹேலர் கேட்கவில்லை என்றாலோ அப்போதே கிளம்புங்கள். கிடங்கு எரியாமல் பார்த்துக்கொள்வது மாநகராட்சியின் வேலை, ஒவ்வொரு தடவையும் எழுத்தில் புகார் கொடுங்கள், தெருவே சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: கடைத் தீயில் புகை குடித்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நல்லபடியாக வந்த என் கணவர், மூன்று வாரம் கழித்து இப்போது ஆளே மாறிவிட்டார். சாவியை வைத்த இடம் மறக்கிறது, நடை தள்ளாடுகிறது, ஒரு நாளும் கை நீட்டாதவர் பிள்ளைகளை அடிக்கப் போகிறார். பயந்துவிட்டார், சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டில். இது நோயா, குணமா?
(வாசகி, அம்பாசமுத்திரம்)

நோய், தாயி. குணம் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

கார்பன் மோனாக்சைடு விஷத்தில் இருந்து மீண்டவர்களில் சிலருக்கு, நன்றாக இருந்து, இரண்டு நாளில் இருந்து நாற்பது நாளுக்குள் இப்படித் திரும்ப வரும். ரத்தத்தில் இருந்து வாயு எப்போதோ போயிருக்கும், ஆனால் அது மூளைக்குள் கிளப்பிவிட்ட அழற்சி மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கும். மறதி, கோபம், அழுகை, நடை மாற்றம், சிலருக்குப் பார்க்கின்சன் மாதிரி விறைப்பு, சிறுநீர் அடங்காமை எல்லாம் வரலாம். மயங்கிக் கிடந்தவர்களுக்கும் வயசானவர்களுக்கும் கூடுதல் வாய்ப்பு. ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போதே இதைச் சொல்லி, ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்க வேண்டும், உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று தெரிகிறது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவுக்கு இந்த வாரமே கூட்டிப்போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கட்டாயம் எடுத்துப்போங்கள், அதில் தீப்புகை என்று எழுதியிருந்தால்தான் டாக்டருக்குச் சட்டென்று பிடிபடும், இல்லையென்றால் மனநோய் என்று வேறு பக்கம் போய்விடும். மூளைக்கு எம்ஆர்ஐ எடுப்பார்கள். இதற்கென்று ஒரே மருந்து கிடையாது, நடைப் பயிற்சி, நினைவுப் பயிற்சி, விறைப்புக்கும் தூக்கத்துக்கும் தனித்தனி மருந்து என்று பார்ப்பார்கள். பெரும்பாலானவர்கள் ஓராண்டுக்குள் தேறிவிடுகிறார்கள். அதுவரை பைக் ஓட்ட விடாதீர்கள், கடைக் கணக்கை வேறு யாராவது பார்க்கட்டும், ராத்திரி அடுப்பையும் கேஸையும் நீங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அப்பாவுக்கு மூளையில் புகை பட்டிருக்கிறது, அதனால்தான் கோபம் வருகிறது, உங்கள் மேல் கோபம் இல்லை என்று சொல்லுங்கள். அடிக்க வந்தால் பிள்ளைகளோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. டாக்டரைப் பார்த்த பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.